ஸ்டேஷனா, ஆஸ்பத்திரியா, சகி மையமா: முதலில் எங்கே போவது?

“அக்கா, குளிச்சிட்டேன். இனிமே ஒண்ணும் பண்ண முடியாதா?”

சில வருடங்களுக்கு முன்னால், ராத்திரி பதினொன்றரை மணிக்கு வந்த போனில் அந்தப் பெண் கேட்ட முதல் கேள்வி இது. பாலியல் வன்கொடுமைக்கு ஆளான பெண்களுக்குத் துணையாக ஆஸ்பத்திரிக்கும் ஸ்டேஷனுக்கும் கோர்ட்டுக்கும் போய்வருகிறவர்களில் நானும் ஒருத்தி. வக்கீல் இல்லை, போலீஸ் இல்லை. பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருக்கிற ஆள். கேள்விகள் ஆளுக்கு ஆள் மாறும், அடியில் இருப்பது ஒன்றுதான்: முதலில் எங்கே போவது? ஸ்டேஷனுக்கா, ஆஸ்பத்திரிக்கா, பெண்களுக்கான அந்த 181 உதவி எண்ணுக்கு போன் போடுவதா? இல்லை, யாரிடமும் சொல்லாமல் இருந்துவிடுவதா?

தமிழ்நாட்டில் இருக்கிற, 18 வயது முடிந்த பெண்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். மற்றவர்களுக்குச் சட்டம் மாறுகிற இடங்களைத் தனியாகச் சொல்கிறேன். 2024 ஜூலை 1 முதல் நடந்த குற்றங்களுக்குப் புதிய பி.என்.எஸ். (பாரதிய நியாய சன்ஹிதா) சட்டம்; அதற்கு முன் நடந்தவற்றுக்குப் பழைய இந்திய தண்டனைச் சட்டம். கீழே வரும் பிரிவு எண்கள் எல்லாம் புதியவை. குற்றம் எது என்று சொல்வது பி.என்.எஸ்., போலீஸும் கோர்ட்டும் எப்படி நடக்க வேண்டும் என்று சொல்வது பி.என்.எஸ்.எஸ். (பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா).

என் பதிலை இப்போதே சொல்லிவிடுகிறேன். நடந்து நான்கு நாட்களுக்குள் என்றால் ஆஸ்பத்திரி. ஆள் இன்னும் பக்கத்தில் இருக்கிறான், உயிருக்கே ஆபத்து என்றால் அவசர எண் 112. நாளாகிவிட்டது என்றால் பெண்களுக்கான அரசு உதவி மையமான சகி மையமோ, இலவச சட்ட உதவி தரும் சட்டப்பணிகள் ஆணைக்குழுவோ, அங்கிருந்து ஸ்டேஷன்.

உடம்புக்கு அவகாசம் கிடையாது

ஸ்டேஷனுக்கு நாளைக்குப் போகலாம், அடுத்த மாதம்கூடப் போகலாம். உடம்பு காத்திருக்காது. எச்.ஐ.வி. தொற்றைத் தடுக்கும் மாத்திரையை 72 மணி நேரத்துக்குள் தொடங்கியாக வேண்டும். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது, 28 நாள் விடாமல் சாப்பிட வேண்டும். கரு தங்காமல் இருக்கக் கொடுக்கும் அவசர மாத்திரையும் நேரம் ஆக ஆகப் பலன் குறையும். தடய மாதிரிகளை 96 மணி நேரம் வரை எடுக்கலாம் என்று மத்திய சுகாதார அமைச்சகம் 2014-இல் கொடுத்த வழிகாட்டுதல் சொல்கிறது. எதையாவது கலந்து கொடுத்து மயக்கினார்கள் என்ற சந்தேகம் இருந்தால், டாக்டரிடம் முதல் வார்த்தையாக அதைச் சொல்ல வேண்டும். ரத்தத்திலும் சிறுநீரிலும் அந்தத் தடம் சீக்கிரம் போய்விடும்.

குளித்துவிட்டாலும் போகலாம். துணியைத் துவைத்துவிட்டாலும் போகலாம். குளிக்காமல் இருப்பது நல்லது என்பது உண்மை. அதற்காகக் குளித்தவளின் வழக்கு செத்துவிட்டது என்று அர்த்தம் இல்லை. உடம்பில் காயமே இல்லை என்றாலும் அப்படித்தான். எதிர்த்துப் போராடவில்லை என்பதை மட்டும் வைத்துச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது என்று பி.என்.எஸ். 63-ஆம் பிரிவே சொல்கிறது.

அன்று போன் செய்த பெண் உடுத்தியிருந்த துணியை ஒரு ஜவுளிக்கடை பிளாஸ்டிக் கவரில் முடிச்சுப் போட்டு எடுத்து வந்திருந்தாள். ஜி.ஹெச்.சில் டூட்டியில் இருந்த நர்ஸம்மா முடிச்சை அவிழ்த்ததும் முகம் சுளிக்கவில்லை, திட்டவில்லை. “பிளாஸ்டிக்ல ஈரம் நின்னுடும் பாப்பா” என்று மட்டும் சொல்லிவிட்டு, ஒவ்வொரு துணியையும் தனித்தனி பழுப்புக் காகித உறையில் போட்டார். ஈரமாக இருந்த துப்பட்டாவை நிழலில் காயவைத்து, கடைசியில் உறைக்குள் வைத்து அரக்கு வைத்தார். நீங்களும் துணியைக் காகிதத்தில் சுற்றியோ காகிதப் பையில் போட்டோ கொண்டு போங்கள். வீட்டில் காகிதப் பை இல்லை என்பதற்காகத் தேடிக்கொண்டு நேரத்தைக் கழிக்க வேண்டாம்.

அரசு ஆஸ்பத்திரியா, தனியாரா? சட்டத்தில் வித்தியாசம் இல்லை. பி.என்.எஸ்.எஸ். 397-ஆம் பிரிவுப்படி எந்த ஆஸ்பத்திரியும் உடனே, இலவசமாகச் சிகிச்சை தர வேண்டும். மறுத்தால் பொறுப்பில் இருப்பவருக்கு ஓராண்டு வரை சிறை என்கிறது பி.என்.எஸ். 200. நடைமுறையில் வித்தியாசம் நிறைய. ஒரு தனியார் ஆஸ்பத்திரி வரவேற்பு மேஜையில் “எஃப்.ஐ.ஆர். காபி கொண்டாங்க, அப்புறம் பாக்கலாம்” என்று என்னிடமே சொன்னார்கள். அது தப்பு. சிகிச்சைக்கும் பரிசோதனைக்கும் எஃப்.ஐ.ஆர். முன்நிபந்தனை கிடையாது. ஆனால் அந்த நேரத்தில் அங்கே நின்று சட்டம் பேசிக்கொண்டிருக்க முடியாது. ஆட்டோ பிடித்து ஜி.ஹெச். போனோம். என் அனுபவத்தில் மாவட்டத் தலைமை மருத்துவமனை அல்லது மருத்துவக் கல்லூரி மருத்துவமனைதான் நல்லது. கூட்டம் இருக்கும், பெஞ்சில் உட்காரவைப்பார்கள், சத்தமாகப் பெயர் கூப்பிடுவார்கள். இருந்தாலும் மாதிரி எடுக்கும் பழக்கம், எம்.எல்.சி. என்கிற மருத்துவ-சட்டப் பதிவை எழுதும் பழக்கம், பிற்பாடு கோர்ட்டுக்கு வந்து சாட்சி சொல்லும் பழக்கம் அவர்களுக்கு இருக்கிறது.

பரிசோதனைக்கு உங்கள் சம்மதம் வேண்டும். ஒவ்வொரு கட்டத்திலும் வேண்டும். முழுப் பரிசோதனைக்கும் தலையாட்டிவிட்டு நடுவில் “இது வேண்டாம்” என்று சொல்லலாம். கூட ஒரு ஆளை வைத்துக்கொள்ளலாம். ஆண் டாக்டர்தான் இருக்கிறார் என்றால் ஒரு பெண் ஊழியர் அறையில் இருக்க வேண்டும். எழுதியவற்றின் நகலை இலவசமாகக் கேட்டு வாங்கலாம். பிறப்புறுப்பில் விரல் நுழைத்துப் பார்க்கும் ‘இரு விரல் பரிசோதனை’ என்று யாராவது எடுத்தால் அங்கேயே மறுத்துவிடுங்கள். அது பெண்ணின் கண்ணியத்தைக் குலைப்பது என்று உச்ச நீதிமன்றம் 2013-இல் சொன்னது. 2022 அக்டோபரில், அதைச் செய்கிறவர் ஒழுங்கீனம் செய்தவராவார் என்றே தீர்ப்பளித்தது. அதே வருடம் ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையும் அதைத் தடை செய்யும்படி தமிழக அரசுக்கு உத்தரவிட்டது.

“ஆஸ்பத்திரிக்குப் போனா போலீஸ் வந்துடும், அதான் பயம்” என்பார்கள். நியாயமான பயம். ஆஸ்பத்திரி போலீசுக்குத் தகவல் சொல்ல வேண்டும் என்று சட்டம் இருக்கிறது, ஜி.ஹெச். அவுட்போஸ்ட்டிலிருந்து ஆள் வரவும் கூடும். ஆனால் 18 வயது முடிந்த பெண் “எனக்கு இப்போ புகார் கொடுக்க விருப்பம் இல்லை, சிகிச்சை மட்டும் போதும்” என்று சொல்லலாம். அதை அப்படியே எழுதி வாங்கிக்கொள்வார்கள். அதற்காக மருந்தையோ பரிசோதனையையோ நிறுத்தக் கூடாது. 2014 வழிகாட்டுதலில் இதற்கென்றே இடம் இருக்கிறது. ஆஸ்பத்திரியை நான் முதலில் வைப்பதற்கு இதுவே பெரிய காரணம். அங்கே போவதால் வேறு எந்த வழியும் அடைபடாது. வழக்கு வேண்டுமா வேண்டாமா என்று முடிவெடுக்க அவகாசம் கிடைக்கும், அதுவரை தடயம் பத்திரமாக இருக்கும்.

18 வயதுக்குக் கீழே என்றால் இந்த அவகாசம் கிடையாது. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டப்படி, விஷயம் தெரிந்தவர் எல்லோரும், டாக்டரும் டீச்சரும் பெற்றோரும், போலீசுக்குச் சொல்லியாக வேண்டும். சொல்லாமல் விடுவதே குற்றம். குழந்தைகள் உதவி எண் 1098-க்கு அழைக்கலாம். குழந்தையை ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போக வேண்டியதில்லை; பெண் சப்-இன்ஸ்பெக்டர் யூனிபார்ம் இல்லாமல் வீட்டுக்கு வந்து வாக்குமூலம் வாங்க வேண்டும். சென்னையில் துளிர் போன்ற அமைப்புகள் குழந்தைகளுக்காகவே வேலை செய்கின்றன.

கரு தங்கிவிட்டது என்று பின்னால் தெரிந்தால், 2021-இல் திருத்தப்பட்ட சட்டப்படி பாலியல் வன்கொடுமைக்கு ஆளானவர் 24 வாரம் வரை கலைத்துக்கொள்ளலாம். வயது வந்த பெண்ணுக்கு அவள் சம்மதம் போதும். கணவரோ அப்பாவோ கையெழுத்துப் போட வேண்டியதில்லை.

ஸ்டேஷன்: எஃப்.ஐ.ஆர். வேறு, சி.எஸ்.ஆர். வேறு

ஸ்டேஷனை முதலில் வைப்பதற்கும் காரணம் உண்டு, அதை மறைக்கக் கூடாது. கடை வாசல், அபார்ட்மென்ட் கேட், பஸ் ஸ்டாண்ட் இங்கெல்லாம் இருக்கும் சி.சி.டி.வி. பதிவு சில நாளிலோ சில வாரத்திலோ தானாக அழிந்து புதிது ஏறிவிடும். குற்றம் சாட்டப்பட்டவன் உடம்பில் இருக்கும் தடயமும் அவன் போனில் இருப்பதும் போலீஸ் கைக்குச் சீக்கிரம் வர வேண்டும். இன்றைக்கே புகார் என்று மனது உறுதியாக இருந்தால் தள்ளிப்போடாதீர்கள். ஸ்டேஷனுக்குத் தகவல் கிடைத்து 24 மணி நேரத்துக்குள் உங்களை மருத்துவப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும் என்கிறது பி.என்.எஸ்.எஸ். 184. என் பயம் எல்லாம் அந்த 24 மணி நேரம் பெஞ்சிலேயே போய்விடும் என்பதுதான். காலை பத்து மணிக்கு ஸ்டேஷனுக்குள் போய், விளக்கு வைத்த பிறகு ஜி.ஹெச். வந்து சேர்ந்த பெண்ணோடு நான் இருந்திருக்கிறேன். அன்று முழுக்க அவள் பாத்ரூம்கூடப் போகவில்லை, தடயம் போய்விடுமோ என்று.

எந்த ஸ்டேஷன்? குற்றம் எங்கே நடந்திருந்தாலும் எந்த ஸ்டேஷனிலும் புகார் கொடுக்கலாம். ‘ஜீரோ எஃப்.ஐ.ஆர்.’ என்று சொல்வது இதைத்தான். இப்போது பி.என்.எஸ்.எஸ். 173-இலேயே அது இருக்கிறது. “எங்க லிமிட் இல்லம்மா” என்ற பதிலுக்குச் சட்டத்தில் இடமில்லை. 1992-இல் சென்னை ஆயிரம் விளக்கில் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம் வந்தது, இப்போது மாநிலம் முழுக்க இருக்கின்றன. மகளிர் ஸ்டேஷன்தான் நல்லது என்று எல்லோரும் சொல்வார்கள். நான் பாதிதான் ஒத்துக்கொள்வேன். பெண் போலீசிடம் பேசுவது சுலபம், அது உண்மை. ஆனால் அங்கே வருவதில் பெரும்பங்கு குடும்பப் பிரச்சினை. இரண்டு பக்கத்தையும் உட்காரவைத்துப் பேசி அனுப்பிப் பழகியவர்கள், வன்கொடுமைப் புகாரையும் சில சமயம் அதே கண்ணால் பார்த்துவிடுகிறார்கள். சாதாரண ஸ்டேஷனில் கொடுத்தாலும் பெண் அதிகாரிதான் எழுதி வாங்க வேண்டும். உங்கள் வாக்குமூலத்தை வீட்டிலோ நீங்கள் சொல்லும் இடத்திலோ வந்து வாங்க வேண்டும். உடலாலோ மனதாலோ ஊனமுற்ற பெண் என்றால் புகாரையே அவள் இருக்கும் இடத்தில் எழுதி வாங்கி, மொழிபெயர்ப்பாளரோ சிறப்பு ஆசிரியரோ உடன் இருக்க, வீடியோ எடுக்க வேண்டும்.

நான் யாரோடு போனாலும் கேட்டில் நுழைவதற்கு முன்னால் திரும்பத் திரும்பச் சொல்வது ஒன்று உண்டு: சி.எஸ்.ஆர். வாங்கிக்கொண்டு திரும்பிவிடாதே. நம் ஊர் ஸ்டேஷனில் மனு கொடுத்தால் சின்னதாக ஒரு ரசீது தருவார்கள், சீல் இருக்கும், நம்பர் இருக்கும். பார்த்தால் வழக்கு பதிவாகிவிட்டது போலத் தெரியும். அது மனு வந்து சேர்ந்தது என்பதற்கான ரசீது மட்டுமே. அதை வைத்து யாரையும் கைது செய்ய மாட்டார்கள், கோர்ட்டுக்கும் எதுவும் போகாது. எஃப்.ஐ.ஆர். என்றால் ‘குற்ற எண்’ என்று ஒரு எண்ணும் வருடமும் இருக்கும், எந்தச் சட்டம், எந்தப் பிரிவு என்று எழுதியிருக்கும். அதன் நகலை இலவசமாகத் தர வேண்டும். பிடியாணை இல்லாமல் கைது செய்யக்கூடிய குற்றம் என்று புகாரில் தெரிந்தால் எஃப்.ஐ.ஆர். போட்டே ஆக வேண்டும் என்று லலிதா குமாரி வழக்கில் 2013-இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. மூன்று முதல் ஏழு ஆண்டுக்குள் தண்டனை உள்ள குற்றங்களுக்கு 14 நாள் முன்விசாரணை செய்யலாம் என்று புதிய சட்டத்தில் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். வல்லுறவுக்கு அது பொருந்தாது. வல்லுறவுப் புகாரைப் பதிய மறுக்கும் போலீஸ்காரருக்கே ஆறு மாதத்துக்குக் குறையாமல் இரண்டு ஆண்டு வரை கடுங்காவல் என்று பி.என்.எஸ். 199 சொல்கிறது.

அப்படியும் மறுத்தால்? எஸ்.பி.க்குப் பதிவுத் தபாலில் புகாரை அனுப்புங்கள், மாநகரம் என்றால் கமிஷனருக்கு. தபால் ரசீதைத் தொலைக்காதீர்கள். அதற்கும் அசையவில்லை என்றால் மாஜிஸ்திரேட்டிடம் 175(3)-இன் கீழ் மனு போடலாம். ஆன்லைனிலும் புகார் அனுப்பலாம், மூன்று நாளுக்குள் நேரில் போய்க் கையெழுத்துப் போட வேண்டும். நேரில் பேசும்போது நாக்கு எழாது என்று நினைக்கும் பெண்களுக்கு நான் சொல்வது: வீட்டிலேயே உங்கள் வார்த்தையில் எழுதிக்கொண்டு போங்கள். தேதி சரியாக ஞாபகம் இல்லை என்றால் “பொங்கலுக்கு அடுத்த வாரம்” என்று எழுதினால்கூடப் போதும். ஊகித்து ஒரு தேதி போட்டால் குறுக்கு விசாரணையில் அதைப் பிடித்துக்கொள்வார்கள். போலீஸ் எழுதியதைப் படிக்காமல் கையெழுத்துப் போட வேண்டாம்.

பெயர் வெளியே வருமோ என்ற பயம் பற்றி மழுப்பாமல் சொல்ல வேண்டும். பி.என்.எஸ். 72-இன்படி பாதிக்கப்பட்டவர் யார் என்று தெரியும்படி எதை வெளியிட்டாலும் இரண்டு ஆண்டு வரை சிறை. விசாரணை மூடிய கோர்ட்டில்தான் நடக்கும். இவ்வளவு இருந்தும் 2019-இல் பொள்ளாச்சி பாலியல் வன்கொடுமை வழக்கை சி.பி.ஐ.க்கு மாற்றிய அரசாணையிலேயே பெண்ணின் விவரம் வந்தது. 2024 டிசம்பரில் வன்கொடுமைக்கு ஆளான அண்ணா பல்கலைக்கழக மாணவியின் எஃப்.ஐ.ஆர். இணையத்தில் கசிந்தது. இரண்டிலும் உயர் நீதிமன்றம் 25 லட்சம் ரூபாய் இழப்பீடு தரச் சொன்னது. அதனால் புகார் கொடுக்கும்போதே “இது இணையத்தில் ஏறக் கூடாது” என்று வாயால் கேளுங்கள், எழுத்திலும் கேளுங்கள். இப்படிப்பட்ட எஃப்.ஐ.ஆர்.களை இணையத்தில் ஏற்றக் கூடாது என்பது ஏற்கெனவே இருக்கிற விதிதான். மாணவியின் வழக்கில் ஐந்தே மாதத்தில், 2025 ஜூன் தொடக்கத்தில், ஆயுள் தண்டனை வந்தது. அதற்கு முந்தைய மாதம் பொள்ளாச்சி வழக்கில் ஒன்பது பேருக்குச் சாகும்வரை ஆயுள். அந்தப் பெண்கள் கோர்ட்டுக்கு வந்து கடைசிவரை உறுதியாக நின்றார்கள்.

181-உம் சகி மையமும்

ஸ்டேஷன் வேண்டாம், ஆஸ்பத்திரி பற்றியும் முடிவெடுக்க முடியவில்லை, வீட்டுக்கும் திரும்ப முடியாது. இந்த நிலையில் இருப்பவளுக்கு 181-தான் முதல் படி. எந்நேரமும் எடுப்பார்கள், கட்டணம் கிடையாது. அங்கிருந்து மாவட்டத்தில் இருக்கும் ஒருங்கிணைந்த சேவை மையத்துக்கு, அதாவது சகி மையத்துக்கு, இணைப்பார்கள். 2015-இல் தொடங்கிய மத்திய அரசுத் திட்டம் இது. ஆற்றுப்படுத்துநர், சட்ட ஆலோசனை, ஆஸ்பத்திரிக்கும் போலீசுக்கும் கூட வர ஒரு ஆள், ஐந்து நாள் வரை தங்க இடம், எல்லாம் ஒரே கூரையின் கீழ்.

இதன் பலம், உள்ளே போகும்போதே எந்த முடிவும் எடுத்திருக்க வேண்டியதில்லை என்பது. பேசிவிட்டுத் திரும்பி வரலாம். பலவீனம், மையமே எஃப்.ஐ.ஆர். போட முடியாது, பரிசோதனை செய்ய முடியாது. அங்கே யார் டூட்டியில் இருக்கிறார் என்பதைப் பொறுத்தே எல்லாம். நல்ல ஆள் அமைந்த மையத்தில், போலீஸ் அம்மா ஒருவர் அங்கேயே வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, டீ வாங்கிக்கொடுத்து, மூன்று மணி நேரம் பொறுமையாக எழுதி வாங்கியதைப் பார்த்திருக்கிறேன். வேறொரு மையத்தில் “வீட்ல பேசிப் பாருங்க” என்று அனுப்பிவிட்டார்கள். 72 மணி நேரக் கணக்கு ஓடிக்கொண்டிருந்தால் மையத்தில் போய் உட்கார்ந்துவிடாமல், போனிலேயே “ஜி.ஹெச்.சுக்கு வாங்க” என்று அவர்களை அங்கே வரவழையுங்கள். இரண்டையும் சேர்த்துச் செய்வதுதான் எனக்குத் தெரிந்து சிறந்த வழி. சென்னையில் இருப்பவர்களுக்கு, வன்முறைக்கு ஆளான பெண்களுக்கு உதவும் பி.சி.வி.சி. போன்ற தொண்டு அமைப்புகளும் உண்டு. ராத்திரியில் மனது தாங்காமல் யாரிடமாவது பேச வேண்டும் என்றால் 14416, டெலி மானஸ் என்ற மனநல உதவி எண். தமிழிலேயே பேசலாம்.

நடந்து மாதங்கள், வருடங்கள் ஆகிவிட்டன என்றாலும் வல்லுறவுக்குக் காலவரம்பு கிடையாது. பாலியல் தொந்தரவு போன்ற, மூன்று ஆண்டு வரை மட்டும் தண்டனை உள்ள குற்றங்களுக்குத்தான் மூன்று ஆண்டு வரம்பு. தருமபுரி மாவட்டத்து வாச்சாத்தி கிராமத்தில் 1992 ஜூனில் பதினெட்டுப் பெண்களுக்கு அரசு ஊழியர்கள் செய்த வன்கொடுமைக்கு தருமபுரி கோர்ட் 2011-இல் தீர்ப்புச் சொன்னது, உயர் நீதிமன்றம் 2023-இல் அதை உறுதி செய்தது. அந்தப் பதினெட்டுப் பெண்களும் முப்பது வருடம் இழுபட்டது அநியாயம். ஆனாலும் ‘நாளாகிவிட்டது’ என்று யாராவது உங்களை வாயடைத்தால் வாச்சாத்தியைச் சொல்லுங்கள்.

வேலை இடம், வீடு, ஊர்

செய்தவன் மேலதிகாரி என்றால் இரண்டு வழி இருக்கிறது, ஒன்றை எடுத்தால் மற்றது போய்விடும் என்ற பயம் வேண்டாம். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் உள்புகார்க் குழு இருக்க வேண்டும். சின்னக் கடை, வீட்டு வேலை, அல்லது முதலாளியே குற்றவாளி என்றால் கலெக்டர் அமைக்கும் உள்ளூர்ப் புகார்க் குழு. மூன்று மாதத்துக்குள் புகார் தர வேண்டும், காரணம் இருந்தால் இன்னொரு மூன்று மாதம் நீட்டிப்பார்கள். விசாரணையை 90 நாளில் முடிக்க வேண்டும். கேட்டால் இடைக்காலமாக இடமாற்றமோ மூன்று மாதம் வரை விடுப்போ பரிந்துரைப்பார்கள். கோர்ட்டில் கிடைக்காத வேகம் இது. ஆனால் வேலையைப் பறிக்கவும் சம்பளத்தைப் பிடிக்கவும் குழு பரிந்துரைக்க முடியும், ஜெயிலுக்கு அனுப்ப முடியாது. கையைப் பிடித்தான், மெசேஜ் அனுப்பினான், வேலையையும் விட முடியாது என்றால் குழு முதலில். உடம்பின் மேல் வன்கொடுமை நடந்திருந்தால் குழுவை மட்டும் நம்பி இருக்க வேண்டாம், போலீஸ் கட்டாயம் வேண்டும். திண்டுக்கல் பக்கம் ஒரு ஆயத்த ஆடை ஆலையில், பெண் தொழிலாளி ஒருவர் கொல்லப்பட்ட பிறகு, தலித் பெண்கள் முன்நின்று நடத்தும் தொழிற்சங்கம், இப்படிப்பட்ட வன்முறையைத் தடுக்க 2022-இல் நிர்வாகத்தோடு ஒப்பந்தமே போட்டது. சங்கம் இருக்கிற இடத்தில் அதை மறந்துவிடாதீர்கள். தனியாகக் கேட்டால் கிடைக்காத பதில் பத்துப் பேராகப் போய்க் கேட்டால் கிடைக்கும்.

கணவர் என்றால், சட்டம் இன்னும் கைவிட்டே இருக்கிறது. 18 வயது முடிந்த மனைவியைக் கணவர் வல்லுறவு செய்தால் அது குற்றமாகாது என்ற விலக்கு பி.என்.எஸ். 63-இலும் தொடர்கிறது. எனக்கு இது ஒருநாளும் ஜீரணமாகாது. பிரிந்து வாழ்கிறபோது என்றால் மட்டும் 67-ஆம் பிரிவு உண்டு. மற்றபடி கையில் இருப்பது 2005 குடும்ப வன்முறைச் சட்டம். அது பாலியல் கொடுமையையும் வன்முறை என்றே எண்ணுகிறது. மாவட்ட சமூக நல அலுவலகத்தில் பாதுகாப்பு அலுவலரைப் பாருங்கள். வீட்டில் தங்கும் உரிமை, அவர் அருகில் வரக் கூடாது என்ற உத்தரவு, ஜீவனாம்சம், இவற்றைக் கோர்ட்டில் கேட்கலாம்.

ஆண்களுக்கும் திருநங்கையருக்கும் நிலைமை இன்னும் மோசம். வல்லுறவுப் பிரிவு பெண்களுக்கு மட்டும். பழைய தண்டனைச் சட்டத்தின் 377-ஆம் பிரிவை எடுத்ததும் அந்த இடம் காலியாகவே இருக்கிறது. காயம், அடைத்துவைத்தல் போன்ற பிரிவுகளிலும் திருநர்களுக்கான 2019 சட்டத்திலும்தான் வழக்குப் போட முடிகிறது. சிகிச்சை உரிமையில் மட்டும் வேறுபாடு இல்லை, அதனால் அவர்களுக்கும் ஆஸ்பத்திரிதான் முதலில்.

பெண் பட்டியல் சாதியாகவோ பழங்குடியாகவோ இருந்து, செய்தவன் அப்படி இல்லை என்றால், எஃப்.ஐ.ஆரில் எஸ்.சி./எஸ்.டி. வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் சேர்ந்திருக்கிறதா என்று வீட்டுக்குப் போவதற்கு முன்னாலேயே பாருங்கள். அது சேர்ந்தால் டி.எஸ்.பி. விசாரிப்பார், முன்ஜாமீன் கிடையாது, அரசு தரும் தீருதவித் தொகை தனியாக வரும். சாதிச் சான்றிதழ் நகலை முதல் நாளே கொடுத்துவிடுவது நல்லது. சேர்க்காமல் விட்டுவிட்டு அப்புறம் சேர்க்க வைப்பதற்கு நாய்படாத பாடு படவேண்டியிருக்கும்.

அப்புறம், ஊர்ப் பெரியவர்கள். ஒப்பீடு என்று எழுத உட்கார்ந்தால் நிறையக் குடும்பம் முதலில் நினைப்பது இதைத்தான், அதனால் விட முடியாது. பஞ்சாயத்தில் உட்காரவைத்துப் பணம் வாங்கிக்கொடுப்பது, இல்லையென்றால் அவனுக்கே கட்டிவைப்பது. 2015-இல் சென்னை உயர் நீதிமன்றமே ஒரு வல்லுறவு வழக்கில் சமரசம் பேச வழிவிட்டு, பிறகு அந்த உத்தரவைத் திரும்பப் பெற்றது. அதே வருடம் உச்ச நீதிமன்றம், வல்லுறவு வழக்கில் எந்தச் சூழ்நிலையிலும் சமரசத்துக்கு இடமே இல்லை என்றது. நான் பார்த்த ஒரு பெண்ணுக்குப் பஞ்சாயத்தில் பேசிய தொகையில் பாதி அவள் அப்பா கைக்கு வந்தது, மீதி வரவே இல்லை. வெற்றுப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கியிருந்தார்கள். அந்தப் பத்திரத்தைக் காட்டியே ஒரு வருடம் மிரட்டினார்கள். வன்கொடுமை வழக்கைப் பத்திரத்தில் எழுதி முடிக்க முடியாது. அப்படிக் கையெழுத்துப் போட்டிருந்தாலும் நீங்கள் இன்றைக்குப் புகார் கொடுக்கலாம்.

வக்கீலும் பணமும்

வழக்கை நடத்துவது அரசு வக்கீல், நீங்கள் பணம் கட்ட வேண்டியதில்லை. அவர் அரசின் வக்கீல், உங்களுடையவர் அல்ல என்பதை நினைவில் வையுங்கள். அவருக்குத் துணையாக உங்கள் சார்பில் ஒருவரை வைத்துக்கொள்ளலாம். காசு கொடுத்து வைக்க முடிந்தால் வையுங்கள், ஆனால் அதற்காகத் தாலியை அடகு வைக்காதீர்கள். பெண் என்றாலே, வருமானம் எவ்வளவாக இருந்தாலும், 1987 சட்டப்படி இலவச சட்ட உதவி உண்டு. மாவட்ட கோர்ட் வளாகத்திலேயே சட்டப்பணிகள் ஆணைக்குழு அலுவலகம் இருக்கும், போனில் 15100. ஒதுக்கப்படும் வக்கீல் சரியில்லை என்றால் மாற்றிக் கேட்கலாம். மாற்றுகிறார்கள், நானே பார்த்திருக்கிறேன். ஜாமீன் மனு வரும்போது உங்கள் தரப்பையும் கேட்க வேண்டும் என்று 2022-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருப்பதால், வக்கீலை வைப்பதென்றால் கைதுக்கு முன்னாலேயே வைப்பது உபயோகம். 90 நாளுக்குள் விசாரணை எந்த அளவில் இருக்கிறது என்று போலீஸ் உங்களுக்குச் சொல்லியாக வேண்டும். சொல்லவில்லை என்றால் உங்கள் வக்கீல் கடிதம் போடுவார்.

இழப்பீடும் அதே அலுவலகத்தில்தான். தேசிய சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் 2018 திட்டத்தில் வல்லுறவுக்கு 4 முதல் 7 லட்சம், கூட்டு வல்லுறவுக்கு 5 முதல் 10 லட்சம் ரூபாய். தீர்ப்பு வரும்வரை காத்திருக்க வேண்டாம், குற்றவாளி பிடிபடவில்லை என்றாலும் கேட்கலாம், இடைக்காலத் தொகையும் உண்டு. பணம் வாங்கினால் கேஸ் பலவீனமாகிவிடும் என்று பயமுறுத்துகிறவர்கள் இருக்கிறார்கள். கோர்ட்டே கொடுக்கச் சொல்கிற பணம் அது. வேலைக்குப் போக முடியாமல் கிடந்த நாட்களுக்கும், வாய்தாவுக்கு வாய்தா பஸ் ஏறுவதற்கும், வீடு மாறுவதற்கும் தேவைப்படுகிற பணம். கூச்சப்படாமல் கேளுங்கள்.

அன்று ராத்திரி போன் செய்த பெண்ணிடம் நான் சொன்னது, ஆதார் நகல், மாற்றுத்துணி ஒரு செட், தண்ணீர் பாட்டில், போன் சார்ஜர், நம்பிக்கையான ஒரு ஆள், அவ்வளவு எடுத்துக்கொண்டு ஜி.ஹெச். வாசலுக்கு வா என்பதுதான். ஒன்றரை மணிக்கு வந்தாள், அவள் சித்தியோடு. மாத்திரை தொடங்கினார்கள், மாதிரி எடுத்தார்கள். புகார் வேண்டாம் என்று எழுதிக்கொடுத்துவிட்டு விடியற்காலை கிளம்பினாள். ஒன்பதாவது நாள் அவளே கூப்பிட்டு, “ஸ்டேஷனுக்கு எத்தனை மணிக்குப் போகலாம்க்கா?” என்று கேட்டாள். அரக்கு வைத்த அந்த உறைகள் அப்போதும் ஜி.ஹெச்.சில் பத்திரமாக இருந்தன.